ஓராய், ஓராய்!



டோக்கியோவில் ஒரு சுற்றுலாத் தலம். வண்டிகள் நிற்கும் இடத்தில் நீளமான ஒரு மஞ்சள் பஸ் ரிவர்ஸில் வருகிறது. அதன் பின்னால் ஓரமாக ஓர் இளம்பெண் நிற்கிறார். சீருடை, தலையில் சின்னத் தொப்பி, கையில் வெள்ளை உறை, வாயில் விசில். சின்னச் சின்னதாக இரண்டிரண்டு முறை ஊதினால் இன்னும் வரலாம். நீளமாக ஒரே ஊது ஊதினால், நிறுத்து. விசிலை எடுத்துவிட்டால் வாயால் சொல்வார்: "ஓராய், ஓராய்!"

அது என்ன ஓராய்? 'ஆல் ரைட்' என்ற ஆங்கிலம்தான், ஜப்பானிய நாக்கில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. நம் ஊர் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "போலாம் ரைட்" என்கிறாரே, அந்த ரைட்டேதான். இரண்டு நாட்டு பஸ்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெண்ணின் வேலை விசில் ஊதுவதோடு முடியவில்லை. உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பஸ் கிளம்பியதும் டிரைவருக்குப் பக்கத்தில், பயணிகளைப் பார்த்தபடி நின்று மைக்கைப் பிடிப்பார். பயணிகளுக்கு வலது என்றால் அவருக்கு இடது. ஓடும் வண்டியில் நாள் முழுக்க மனசுக்குள் இதைத் திருப்பிப் போட்டபடியே கையை நீட்ட வேண்டும். ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய ஜோக் உண்டு. "உங்கள் வலது கைப் பக்கம் பாருங்கள்" என்பார் கைடு. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். "அதில் மிக உயரமாகத் தெரிவது நடுவிரல்!" ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே கையை வைத்துத்தான் பக்கத்தைச் சொல்கிறார்கள் என்பதால் தமிழிலும் இந்த ஜோக் செல்லுபடியாகிறது.

இந்தத் தொழில் பிறந்தது டோக்கியோவில் அல்ல. தெற்கே கியூஷூ தீவில் பெப்பு என்று ஒரு வெந்நீர் ஊற்று நகரம். பூமிக்குள்ளிருந்து ஆவியும் கொதிநீரும் பீறிட்டு வரும் இடங்களை அந்த ஊர்க்காரர்கள் 'நரகம்' என்றே அழைக்கிறார்கள். ஒரு நரகம் கடல் மாதிரி நீலம், இன்னொன்று ரத்தச் சிவப்பு. அங்கே ஹோட்டல் நடத்திவந்த அபுராயா குமஹாச்சி என்பவர் 1928-இல் நரகங்களைச் சுற்றிக்காட்ட பஸ் விட்டார். விட்டதோடு நில்லாமல் அதில் பெண்களை வழிகாட்டிகளாக ஏற்றினார். ஜப்பானின் முதல் பெண் பஸ் கைடுகள் இவர்கள்தான்.

குமஹாச்சியின் கெட்டிக்காரத்தனம் வேறொன்றில் இருந்தது. சொல்ல வேண்டிய விவரங்களை அப்படியே வசனமாகக் கொடுக்காமல், ஏழு அசை, ஐந்து அசை என்று மாறி மாறி வரும் ஜப்பானியச் செய்யுள் நடையில் சொல்லவைத்தார். நம் வில்லுப்பாட்டுக்காரர் கதையைத் தாளத்தில் ஏற்றிச் சொல்வாரே, ஏறக்குறைய அந்த மாதிரி. கொதிக்கும் குளத்தின் வெப்பநிலையைக்கூட ராகமாகக் கேட்டால் யார் மறப்பார்கள்? பெப்பு ரயில் நிலையத்துக்கு வெளியே இன்று குமஹாச்சிக்குச் சிலை இருக்கிறது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பிசாசு தொங்குகிறது. நரகத்தை விற்று ஊரை வாழவைத்தவருக்குப் பொருத்தமான சிலைதான்.

டோக்கியோவின் கதை இடிபாடுகளிலிருந்து தொடங்குகிறது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் நடந்த குண்டுவீச்சில் சுமார் 1 லட்சம் பேர் இறந்தார்கள், நகரத்தின் கிழக்குப் பகுதி சாம்பலானது. மூன்றே ஆண்டில், 1948-இல், சுற்றுலா பஸ் கம்பெனி ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹாத்தோ பஸ். ஹாத்தோ என்றால் புறா. சாம்பல் மேட்டில் சுற்றிக்காட்ட என்ன இருந்தது என்று தோன்றும். ஆனால் 1949-இல் உவேனோ ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட பஸ்ஸுக்கு ஆள் கிடைத்தது. அந்நாளில் வடக்கு மாவட்டங்களிலிருந்து வரும் ரயில்கள் உவேனோவில்தான் வந்து நின்றன. பட்டணம் பார்க்க வந்த கிராமத்து ஜனங்களுக்கு அரண்மனையின் அகழியைக் கண்ணால் பார்த்தாலே போதும்.

1957-இல் கொலம்பியா ரோஸ் என்ற பாடகி 'டோக்கியோ பஸ் கேர்ள்' என்று ஒரு பாட்டுப் பாடினார். பெரிய ஹிட். அடுத்த ஆண்டே 333 மீட்டர் உயரத்தில் டோக்கியோ டவர் எழுந்தது. கொரியப் போருக்குப் பிறகு கழித்துக்கட்டிய அமெரிக்க டாங்கிகளை உருக்கிய இரும்பும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கைடுகளுக்குச் சொல்ல விஷயப் பஞ்சமே இல்லை.

உதாரணத்துக்கு, டோக்கியோவின் அசாகுசா பகுதியில் சென்சோஜி கோயில் வாசலில் சிவப்புக் காகித விளக்கு ஒன்று தொங்குகிறது. 3.9 மீட்டர் உயரம், சுமார் 700 கிலோ எடை. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்த வாசல் 1865-இல் தீயில் எரிந்துபோய், 95 ஆண்டுகள் நிரந்தர வாசல் இல்லாமல் கிடந்தது. மூட்டு வலி தீர வேண்டிக்கொண்ட ஒரு தொழிலதிபர், வலி தீர்ந்த நன்றிக்காக 1960-இல் வாசலைக் கட்டிக் கொடுத்தார். அவர் மட்சுஷிதா கோனோசுகே, பானசோனிக் நிறுவனத்தைத் தொடங்கியவர். விளக்கின் அடியில் கம்பெனியின் பெயர்ப் பலகை இருக்கிறது, நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் இருப்பது போல. புயல் வந்தால் விளக்கை மடித்து மேலே தூக்கிவிடுவார்கள். இதெல்லாம் போட்டோவில் விழாத சங்கதி.

டோக்கியோவின் நிஹோன்பாஷி பாலத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஜப்பானின் சாலைத் தூரங்களை அந்தப் பாலத்திலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். 1911-இல் கட்டிய அழகான கல் பாலம். 1964 ஒலிம்பிக்ஸ் அவசரத்தில் அதன் தலைக்கு மேலேயே விரைவுச் சாலையைப் போட்டுவிட்டார்கள். மேலே பஸ்ஸில் பறப்பவருக்குக் கீழே நாட்டின் பூஜ்யப் புள்ளி இருப்பதே தெரியாது. கைடு சொன்னால்தான் உண்டு. அந்தச் சாலையைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலை நடக்கிறது, 2040-இல் பாலத்துக்கு மறுபடி வானம் தெரியுமாம்.

வெளிநாட்டுப் பயணிகள் என்றால் விதி வேறாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சுற்றிக்காட்ட ஜப்பானில் 1949-லிருந்து அரசு உரிமம் கட்டாயமாக இருந்தது. மொழி, வரலாறு, புவியியல் என்று கடினமான தேர்வு. 2018-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 2024-இல் மட்டும் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தால் உரிமம் பெற்றவர்கள் எத்தனை பேரைத்தான் சமாளிப்பார்கள்? பல வண்டிகளில் இப்போது காதில் மாட்டும் கருவி வந்துவிட்டது. வேண்டிய மொழிக்குப் பொத்தானை அழுத்தினால், வண்டி அந்த இடத்துக்கு வரும்போது பதிவுக் குரல் தானாகப் பேசும். தவறே செய்யாது. வெளியே மழை பெய்வதும் அதற்குத் தெரியாது.

ஃபூஜி மலைக்குப் போகும் பஸ்களில் கருவிக்கும் கைடுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். நூறு கிலோமீட்டர் வந்த பிறகு மலை மேகத்துக்குள் ஒளிந்துகொள்வது அங்கே அடிக்கடி நடப்பது. வண்டிக்குள் முகங்கள் தொங்கிப்போகும். அப்போது கைடு மைக்கைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த பழைய ஃபூஜி பாட்டை எடுத்து விடுவதுண்டு. பின்சீட்டுப் பாட்டிமார்தான் முதலில் கை தட்டத் தொடங்குவார்கள்.