அளவைக் கூட்டும் முன்



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கம் பெரும் போராட்டம். படுத்து இரண்டு மணி நேரமாகியும் கண் மூடாத பிள்ளைகள் உண்டு. பதினோரு மணிக்குத் தூங்கி, இரண்டு மணிக்கு எழுந்து, விடியும்வரை கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. கூடவே பெற்றவர்களும் விழித்திருக்கிறார்கள். காலையில் அம்மா வேலைக்குப் போக வேண்டும், பிள்ளை பள்ளிக்கோ தெரபிக்கோ போக வேண்டும். சென்னையில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

இந்த வீடுகளில் பலவற்றில் மெலடோனின் தெரிந்த பெயர். நம் மூளையில் உள்ள பினியல் சுரப்பி, இருட்டியதும் சுரக்கிற ஹார்மோன் அது. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏரன் லெர்னர் அதைப் பிரித்தெடுத்தார். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வதே அதன் வேலை. மாத்திரையாகக் கொடுத்த முதல் வாரத்தில் பிள்ளை ஒன்பதரைக்கே தூங்கிவிடும். வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்ததுபோல் இருக்கும். சில வீடுகளில், ஒரு மாதம் கழித்து அதே மாத்திரை, அதே நேரம், ஆனால் பிள்ளை தூங்காது. அப்போது பெற்றோர் செய்வது என்ன? மூன்று மில்லிகிராமை ஐந்தாக்குகிறார்கள், ஐந்தைப் பத்தாக்குகிறார்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான்: மருந்து பலிக்காமல் போனால் அளவைக் கூட்டாதீர்கள். ஏன் பலிக்கவில்லை என்று முதலில் கேளுங்கள்.

நெதர்லாந்து மருத்துவர் வீபெ பிராமும் அவருடைய குழுவினரும் 2010இல் இதைப் பற்றி எழுதினார்கள். மெலடோனினைச் சிதைக்கும் வேலை கல்லீரலில் உள்ள ஒரு நொதியுடையது. சிலருக்கு அந்த நொதி மிக மெதுவாக வேலை செய்கிறது. நேற்று இரவு கொடுத்த மருந்து இன்று பகலிலும் ரத்தத்தில் நிற்கிறது. அதன்மேல் இன்றைய மாத்திரையும் சேர்கிறது. நாள் முழுக்க ஒலிக்கும் கோயில் மணி பூஜை நேரத்தைச் சொல்லாது. அதுபோல, பகலிலும் நிறைந்திருக்கும் மெலடோனின் இரவு எது என்று உடம்புக்குச் சொல்வதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு அளவை நன்றாகக் குறைத்தபோதுதான் மருந்து மீண்டும் பலித்தது. பயந்துபோய் அளவைக் கூட்டும் பெற்றோர், இதை அறியாமல் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள்.

மிட்டாய் வடிவில் வரும் மெலடோனின் கம்மிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விற்ற 25 கம்மிகளைச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 22இல் லேபிளில் போட்ட அளவு ஒன்று, உள்ளே இருந்த அளவு வேறு. ஒன்றில் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் டப்பாவை நம்பி அளவைத் தீர்மானிக்காதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மயக்கம் தரும் சிரப்பைத் தூக்கத்துக்காக ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அந்த மயக்கம் சில நாளிலேயே உடம்புக்குப் பழகிவிடும். சில பிள்ளைகளுக்கு அதுவே துள்ளலை அதிகமாக்கும். அதே சமயம், மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலிப்பு மருந்தையும், தூக்கத்துக்காகச் சில பிள்ளைகளுக்குத் தரும் குளோனிடினையும் அப்படி நிறுத்தினால் ஆபத்து.

அடுத்து, உடம்பைப் பாருங்கள். பேச்சு வராத பிள்ளை பல் வலிக்கிறது என்று சொல்லாது. தூங்காமல் அழும், தலையை இடித்துக்கொள்ளும். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், காதுவலி, கீரிப்பூச்சி, தோல் அரிப்பு என எதுவும் காரணமாக இருக்கலாம். பிள்ளை குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா? அடினாய்டு வீங்கி மூச்சு தடைபடலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். தூக்கத்தில் கை கால் வெட்டி இழுத்தால் வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரும்புச்சத்தை எளிதில் மறந்துவிடுகிறோம். தயிர்சாதம், பால், பிஸ்கட் தவிர வேறு எதையும் தொடாத பிள்ளைகளை இந்த வீடுகள் நன்றாக அறியும். அந்த உணவில் இரும்பு குறைவு, பாலில் உள்ள கால்சியம் அந்தக் கொஞ்சத்தையும் சரியாக ஏறவிடாது. இரும்பு குறைந்தால் இரவில் கால்கள் அமைதியாக இருக்காது, பிள்ளை புரண்டுகொண்டே இருக்கும். கனடாவின் டொராண்டோவில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கொடுத்தபோது அமைதியற்ற தூக்கம் குறைந்தது. இந்தியாவிலோ ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, நேரம். அமெரிக்க நரம்பியல் அகாதெமி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பழக்க முறைகளை முதலிலும் மெலடோனினை அதற்குப் பிறகும்தான் வைக்கிறது. அந்த முறைகளில் ஒன்று வீட்டிலேயே செய்யக்கூடியது. உங்கள் பிள்ளை உண்மையில் பன்னிரண்டு மணிக்குத்தான் தூங்குகிறது என்றால், ஒன்பது மணிக்குப் படுக்க வைத்து மூன்று மணி நேரம் மல்லுக்கு நிற்க வேண்டாம். சில நாள் பன்னிரண்டுக்கே படுக்க வையுங்கள். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். படுத்தவுடன் தூங்கத் தொடங்கியதும், சில நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். படுக்கை என்றாலே போராட்டம் என்ற நினைப்பு பிள்ளை மனத்திலிருந்து போக வேண்டும்.

காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தும். சென்னையில் அது ஆண்டு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. லஸ் அருகே நாகேஸ்வர ராவ் பூங்கா, தியாகராய நகரில் நடேசன் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை, எதுவும் அமையாவிட்டால் மொட்டை மாடி. அரை மணி நேரம் போதும். மாலையில் காபியும் டீயும் கோலாவும் வேண்டாம். தாத்தாவின் டம்ளரிலிருந்து இரண்டு வாய் என்றாலும் வேண்டாம். படுக்கும் முன் செய்கிற வேலைகளைப் படங்களாக வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். சாப்பாடு, பல் தேய்ப்பது, கழிப்பறை, விளக்கணைப்பது. அடுத்து என்ன என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகளின் பதற்றம் குறையும்.

பிள்ளையைத் தனியறையில் படுக்க வைத்து அழவிடுங்கள் என்று சில வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நம் வீடுகளில் பிள்ளை அம்மா பக்கத்தில்தான் படுக்கிறது, அதில் தவறில்லை. தூங்கும்போது எது இருந்ததோ, அது இரண்டு மணிக்கு விழிக்கும்போதும் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். போனில் பாட்டு ஓடத் தூங்கிய பிள்ளை, நடுவில் விழித்தால் அந்தப் பாட்டைத் தேடும். மின்விசிறியின் ஓசையில் தூங்கிய பிள்ளை, மின்சாரம் போனால் எழுந்துவிடும். விழித்தால் விளக்கைப் போடாமல், அதிகம் பேசாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி படுக்க வையுங்கள். கனத்த போர்வைக்குப் பணம் செலவழிக்கும் முன், பிரிட்டனில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில் அது தூக்கத்தைக் கூட்டவில்லை என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது பொருந்தவும் பொருந்தாது. தீபாவளி வாரத்திலும், விடியுமுன்னே ஒலிபெருக்கி பாடும் மார்கழியிலும் புதிய முறை எதையும் தொடங்காதீர்கள்.

பிள்ளை விழித்திருக்கும் இரவில் நீங்கள் அசந்து தூங்கிவிடலாம். அதனால் வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், பால்கனிக்குக் கிரில், கேஸ் ரெகுலேட்டரை மூடும் பழக்கம், அடுக்ககத்தின் சம்ப் மூடிக்குப் பூட்டு ஆகியவை கட்டாயம் வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு.

உதவிக்கு இடங்கள் இருக்கின்றன. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், 1985இல் தொடங்கி இப்போது கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர் அமைப்பு. மத்திய அரசின் நிரமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். பரிசோதனைகளும் தெரபியும் அதில் அடங்கும்.

மாடியில் பிள்ளை குதிக்கிறது என்று புகார் சொல்லும் கீழ்வீட்டுக்காரர்களுக்கும், பிள்ளையைத் தூங்க வைக்கக்கூடத் தெரியவில்லையா என்று கேட்கும் உறவினர்களுக்கும் என் வேண்டுகோள்: அந்தக் கேள்விக்குப் பதிலாக, ஒரு மத்தியானம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று அந்தத் தாயிடம் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, இன்று இரவு முதல் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், சாப்பிட்டது, மலம் கழித்தது, கொடுத்த மருந்தின் அளவு. இரண்டு வாரம் எழுதி, அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். அதுவரை மாத்திரையின் அளவைக் கூட்டாதீர்கள்.