பக்கத்து வீட்டுத் தீ

(அண்ணனூரில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"இலங்கைச் சண்டை அவர்கள் நாட்டு உள்விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் பூந்தமல்லிக்கு அழைத்துப் போவேன். ராஜீவ் காந்தி கொலை வழக்கு அங்கிருந்த தடா நீதிமன்றத்தில்தான் நடந்தது. இன்னும் சற்றுத் தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 அன்று குண்டு வெடித்த மண். கடலுக்கு அப்பால் மூண்ட தீ நம் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

எப்படி வந்தது? 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அகதிகள் நம் கரை சேர்ந்தார்கள். டெல்லி போராளிக் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. 1987 ஜூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கச் சென்ற நம் படை, சில மாதங்களிலேயே புலிகளோடு போரிட்டது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டனர். நம் படையை வெளியேறச் சொன்ன பிரேமதாசா அரசோ புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது! 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, அங்கே இரு தரப்பும் நம் நாட்டின் மீது கசந்து போயிருந்தன.

அந்த ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒன்றாக இணைத்தது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முஸ்லிம். அவர்களை ஒரு தரப்பாக யாராவது உட்கார வைத்துக் கேட்டார்களா? இல்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். விரட்டியவர் பேசியதும் தமிழ், விரட்டப்பட்டவர் பேசியதும் தமிழ். புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது.

வணிகப் பெருமக்களே! காயல்பட்டினமும் கீழக்கரையும் கொழும்போடு கொண்டிருந்த கொடுக்கல் வாங்கலை நீங்கள் அறிவீர்கள். ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் 1980களில் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் போன நாற்பது ஆண்டு யார் கணக்கில் நட்டம்?

இளைஞர்களே! பக்கத்து வீட்டுத் தீயை அணைக்கத் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். எண்ணெய் ஊற்றினால் அது நம் கூரைக்கும் தாவும். 1990இல் வடக்கு முஸ்லிமுக்காகப் பேசிய வாய், 2009இல் முள்ளிவாய்க்காலில் மடிந்த தமிழனுக்காகவும் பேச வேண்டும். நம் ஆளுக்கு ஒரு நியாயம், அடுத்த ஆளுக்கு ஒரு நியாயம் என்றால், நம் சொல்லுக்கு எந்தச் சபையிலும் மதிப்பிருக்காது. அங்கே வாழ்பவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசாத எந்த ஒப்பந்தமும் நிலைக்காது. இதைத் துணிந்து சொல்வோம்.