அத்தி எங்கே பூக்கிறது?

(நாக்பூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செடிகள் ஏன் பூச்சிகளைக் கூப்பிடுகின்றன என்பது பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். தாவரவியல் படித்துவிட்டு 34 வருஷம் கோப்பு பார்த்தவன் நான். ஆனாலும் படித்தது மறக்கவில்லை.

செடிக்குக் கால் இல்லை. ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போக வேண்டுமானால் யாராவது சுமக்க வேண்டும். மக்காச்சோளம் அந்த வேலையைக் காற்றிடம் விட்டுவிட்டது. பூசணி வண்டையும் தேனீயையும் நம்பியிருக்கிறது. நிறமும் மணமும் அழைப்பு, தேன் கூலி. இரவில் மலரும் பூக்களில் பல வெள்ளையாகவும் வாசனையாகவும் இருப்பது நம் பூஜைக்காக அல்ல, இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காக!

அத்தி கொடுக்கும் கூலி விசித்திரமானது. அபூர்வமாக வருகிறவரை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூக்கத்தான் செய்கிறது. நாம் காய் என்று நினைப்பதன் உள்ளே பொடிப்பொடியாகப் பூக்கள் நிறைந்திருக்கின்றன. ஆலும் அரசும் இப்படித்தான். காயின் நுனியில் ஒரு சிறு துவாரம். பூக்கள் தயாரானதும் கிளம்பும் வாசனையைப் பிடித்துக்கொண்டு சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி வரும். அத்திக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறு, அரசுக்கு வேறு. நுழையும்போதே பெரும்பாலும் அதன் சிறகு முறிந்துவிடும். உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடும். முட்டை விழுந்த பூவில் குளவி வளரும், மற்றவற்றில் விதை. ஆண் குளவிக்குச் சிறகே கிடையாது. பெண்கள் வெளியேறச் சுரங்கம் தோண்டிக் கொடுத்துவிட்டுச் சாகும். பென்ஷன் இல்லாத உத்தியோகம்!

வெளியே வரும் பெண்ணுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். ஒரு மரத்துக் காய்கள் பொதுவாக ஒரே சமயத்தில் முதிர்வதால் அது வேறு மரத்தைத் தேடிப் போயாக வேண்டும். ஆகவே ஊரில் வெவ்வேறு மாதங்களில் காய்க்கும் பல மரங்கள் வேண்டும்.

குளவி இல்லாவிட்டால் என்ன ஆகும்? கலிபோர்னியாவில் 1880களில் துருக்கியின் ஸ்மிர்னா அத்தியை நட்டார்கள். மரம் செழித்தது, காய் பழுக்காமல் உதிர்ந்தது. 1899-இல் குளவியைக் கொண்டுவந்து குடியேற்றிய பிறகே பழம் கிடைத்தது.

இதை நான் இத்தனை விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் உள்ள அத்தி மரத்துக்கு மருந்து அடிக்க வேண்டும், முடியாவிட்டால் வெட்டிவிட வேண்டும் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்களிலும் இந்தப் பேச்சு வந்திருக்கும். அத்திக் குளவி மனிதரைக் கொட்டாது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். பிறகு குயிலுக்கும் மைனாவுக்கும் குக்குறுவானுக்கும் பழம் இல்லை.

கீழே விழும் பழத்தில் ஈ மொய்க்கிறது என்பது நியாயமான குறை. அதற்குத் தினமும் பெருக்க ஓர் ஆள் போதும். அந்தச் சம்பளத்தில் பாதியை நான் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு இதுவரை இரண்டு வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.