வளைவரை காட்டும் கருவி



இருபடிச் சமன்பாட்டின் வளைவரையை நம் கடையத்துப் பிள்ளைகள் வரைபடத்தாளில் புள்ளி வைத்தே கற்கின்றனர். எண்ணை மாற்றிய நொடியில் வளைவரையையும் மாற்றிக் காட்டும் கணிப்பான்கள் உண்டு; விலையோ பல ஆயிரம்.

எளியோர்க்கான கருவியை நாமே ஆக்குவோம் எனத் துணிந்தோர் நம் நாட்டிலும் இருந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் 1999இல் அறக்கட்டளை அமைத்து, 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணினியை வடிவமைத்தனர்; அவ்வடிவமைப்பை எல்லார்க்கும் வெளியிட்டனர். எண்ணிய விலை 9,000 ரூபாய். அதுவும் ஏழைக்கு எட்டாதென்பதால், கருவி ஊருக்குப் பொது, ஆளுக்கொரு அட்டை என வகுத்தனர். 2004இல் கடைக்கு வந்தது. சில ஆயிரமே விலைபோயின.

நல்ல எண்ணந்தான். எனினும் 'ஊருக்குப் பொது' என்றதும் நமக்கோர் ஐயம். ஊர் என்பதில் சேரி அடங்குமா? கருவி எவர் வீட்டுத் திண்ணையில் இருக்கும்? மகாட் நகரசபை 1924இலேயே குளத்தைப் பொதுவென்று தீர்மானித்தது. ஆயினும் 1927இல் டாக்டர் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றே அந்நீரை அருந்த வேண்டியிருந்தது.

ஆகவே கருவி நம் சங்கக் கட்டடத்திலேயே இருக்கட்டும். ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் மாணவராயிருந்தபோது 2001இல் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' மாணவர்க்கு இலவசம். பதிவிறக்கிவிட்டால் இணையமின்றியும் சாதாரணக் கைப்பேசியில் வளைவரை வரையும். நம் பாடநூல்களே அதைக் காட்டுகின்றன. பாலிடெக்னிக் படித்த நம் இளைஞர்கள் பழைய கைப்பேசிகளைப் பழுதுபார்த்துத் தர முன்வந்துள்ளனர். வீட்டில் சும்மா கிடப்பவற்றைக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். மின்னேற்றியையும் மறவாதீர்கள்.