பன்றிப் பண்ணையும் மருத்துவமனையும்



பன்றியைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டே கேளுங்கள், இது நம் உயிரோடு தொடர்புடைய செய்தி.

கோலிஸ்டின் என்பது ஒரு கிருமிக்கொல்லி மருந்து. சிறுநீரகத்திற்குத் தீங்கு செய்வதால் மருத்துவர்கள் அதனை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தனர். பின்னர், வேறு மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் தலையெடுத்தபோது, இறுதிப் படைக்கலமாக அதனையே மீண்டும் கையில் எடுக்க நேர்ந்தது. அதே மருந்து சீனத்துப் பன்றிப் பண்ணைகளில் தீவனத்தோடு கலக்கப்பட்டு வந்தது. நோய் தீர்க்க மட்டுமன்று. பன்றி விரைந்து கொழுக்கவும்தான்! நோயற்ற பிராணிக்கு நாள்தோறும் மருந்தூட்டுவதைச் சிக்கனம் என்று கருதியவர்களின் கணக்கு விசித்திரமானதே.

சிறிதளவு மருந்து இடைவிடாது உட்செல்லும்போது என்ன நிகழ்கிறது? எளிய கிருமிகள் மடிகின்றன. தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. ஷாங்காய் நகரப் பண்ணையொன்றின் பன்றியிடம் கண்ட ஈ. கோலி என்னும் குடற்கிருமியில், கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு இருந்தது. கிருமியின் மேலுறையை மாற்றி, மருந்து அதில் பற்றாதவாறு செய்துவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனினும் அஞ்சத்தக்கது, அது பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் அமைந்திருந்தமையாகும். தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் சொத்துப்போல் அது வழிவழியாக மட்டும் செல்வதில்லை. தேர்வுக்கூடத்தில் விடைத்தாளை அடுத்த பெஞ்சுக்கு நீட்டும் மாணவனைப்போல், ஒரு கிருமி அதனை அயல் கிருமிக்கும் வழங்கிவிடும். (அவ்வித்தையை நீங்கள் அறியமாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.)

2015ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வாய்வு வெளியாயிற்று. சோதித்த 804 கால்நடைகளுள் 166இலும், 523 இறைச்சி மாதிரிகளுள் 78இலும் அம்மரபணு தாங்கிய கிருமி இருந்தது. நோயாளிகளிடம் பெற்ற 1322 மாதிரிகளில் 16 மட்டுமே. பண்ணையில் மிகுதி, மருத்துவமனையில் குறைவு. நோய் எத்திசையிலிருந்து எத்திசைக்கு நடந்தது என்பதை ஊகிக்க இவ்வெண்களே துணை செய்தன. அடுத்த மாதமே டென்மார்க்கிலும் அது கண்டறியப்பட்டது.

பன்றியைக் கொழுக்கவைக்கக் கோலிஸ்டினைத் தீவனத்தில் சேர்ப்பதைச் சீன அரசு 2017இல் தடுத்தது. நோயுற்ற பன்றிக்கு மருந்தளிப்பதை விலக்கவில்லை. நம் நாட்டிலோ, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு இம்மருந்தை விற்பதற்கே 2019இல் தடை வந்தது. கோழியும் மீனும் அதனுள் அடங்கும்.

தடைக்குப் பயன் இருந்ததா? சீனத்துப் பன்றிகளில் கோலிஸ்டினை எதிர்க்கும் ஈ. கோலி 2015-16இல் நூற்றுக்கு 34ஆக இருந்தது. 2017-18இல் 5 அளவுக்கு இறங்கியது. இத்துணை விரைவான இறக்கத்தைப் பலர் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆயினும் அம்மரபணு அடியோடு மறைந்துவிடவில்லை. 2019இலும் அதனைத் தம் குடலில் சுமந்த மக்கள் அங்கே இருந்தனர்.