மைக்ரோவேவ்ல நடு மட்டும் ஏன் ஜில்லுனு இருக்கு?

போன மாசம் அக்கா ஆறு மாசக் குழந்தையோட வீட்டுக்கு வந்திருந்தா. ஃபிரிட்ஜில் இருந்த பாலை பாட்டிலோடயே என் மைக்ரோவேவில் வைத்துச் சூடு பண்ணினோம். வெளியே தொட்டா வெதுவெதுன்னுதான் இருந்தது. நல்லவேளை, அக்கா பழக்கத்துல குலுக்கிட்டு மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தா. உடனே கையை உதறினா. அவ்வளவு சூடு.

அன்னிக்கு ராத்திரிதான் இந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு உட்கார்ந்து படிச்சேன். வாங்கும்போதே படிச்சிருக்கணும். கடையில் நான் கேட்டது ஒண்ணுதான்: எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடாகணும். "அப்போ கன்வெக்‌ஷன் எடுத்துக்கோங்க சார்"னு பில்லை ஏத்திட்டாங்க. கன்வெக்‌ஷன்ங்கிறது ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன். கேக் பண்ண அருமை. ஆனா நேத்து வச்ச சாம்பார் சாதத்தை மைக்ரோவேவ் மோடில் சூடாக்கும்போது அதுக்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டு மைக்ரோவேவ் 2450 மெகாஹெர்ட்ஸில் ஓடுது. அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அலைகள் உலோகச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது சில இடத்தில் ஒண்ணு சேர்ந்து பலமாகும், சில இடத்தில் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். அதனால சூடான இடமும் சூடாகாத இடமும் மாறி மாறி வரும். இதுக்குத்தான் தட்டு சுத்துது. ஆனா தட்டோட மையப்புள்ளி சுத்தினாலும் அதே இடத்துலதானே நிக்குது? நாம கிண்ணத்தைக் கொண்டுபோய் கரெக்டா அங்கேதான் வைப்போம்! கொஞ்சம் ஓரமா வைங்க. வாங்கும்போது லிட்டர் கணக்கை மட்டும் பார்க்காம, தட்டு எவ்வளவு அகலம்னும் பாருங்க.

அடுத்தது பவர். ஃபேன் ரெகுலேட்டரை ரெண்டில் வச்சா ஃபேன் மெதுவா சுத்தும்ல? சாதா மைக்ரோவேவ் அப்படி இல்லை. 50 சதவீதம்னு வச்சா, சில விநாடி முழு பவரில் ஓடும், அப்புறம் நிக்கும், திரும்பவும் முழு பவர். உறைஞ்ச சிக்கனுக்கு இது ஆகவே ஆகாது. ஐஸைவிட தண்ணி இந்த அலையை ரொம்ப அதிகமா உறிஞ்சும். ஓரம் கொஞ்சம் உருகினதும் சூடெல்லாம் அங்கேயே போகும். ஓரம் வெந்துடும், நடுவுல கல்லு மாதிரி ஐஸ்.

இன்வெர்ட்டர் வகை பவரையே குறைச்சு, விடாம ஓடும். சூடு உள்ளே பரவ நேரம் கிடைக்கும். (கரண்ட் போனா ஃபேன் ஓட வைக்கிற இன்வெர்ட்டர் இல்லை இது. எங்க அப்பா அப்படித்தான் நினைச்சார்.) கடையில் டெமோ இருந்தா, ஒரு டம்ளர் தண்ணி வச்சு குறைஞ்ச பவரில் ஓட்டச் சொல்லுங்க. உறுமல் விட்டு விட்டு வந்தா சாதா வகைன்னு சந்தேகப்படலாம். என்னைக் கேட்டா, கன்வெக்‌ஷனுக்குக் கொடுக்கிற காசை இதுக்குக் கொடுங்க.

தட்டே இல்லாத ஃப்ளாட்பெட் மாடலும் இருக்கு. அதுல அலையைக் கலைச்சுவிட உள்ளே வேற ஏற்பாடு. செவ்வகப் பாத்திரம் வைக்க வசதி, விலை ஜாஸ்தி.

எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு அப்பள டெஸ்ட் பண்ணுங்க. பொரிக்காத சின்ன அப்பளங்களை தட்டு முழுக்கப் பரப்பி ஓட்டுங்க, முதல் அப்பளம் சிவக்க ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. எது பொரிஞ்சிருக்கு, எது பச்சையா கிடக்குன்னு பார்த்தாலே உங்க ஓவனோட மேப் கைக்கு வந்துடும். என் வீட்டில் ஓரத்தில் ஒரு வளையம் அழகா பொரிஞ்சது, நடுவுல ரெண்டு அப்படியே கிடந்துச்சு. பொரிஞ்சதெல்லாம் ரசம் சாதத்துக்குப் போச்சு.

எவ்வளவு நல்ல ஓவனா இருந்தாலும் அலை சாப்பாட்டுக்குள்ள ஓரிரு சென்டிமீட்டர்தான் நல்லா இறங்கும். ஃபிரிட்ஜ் சாதத்தைக் குவிக்காம பரப்பி, மூடி, பாதியில் ஒரு தடவை கிளறி, எடுத்ததும் ரெண்டு நிமிஷம் விடுங்க. குழந்தைப் பாலை மட்டும் எந்த மாடலிலும் வைக்காதீங்க. அக்கா இப்போ பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில்தான் நிக்க வைக்கிறா.