கேமராவுக்குச் சாதி இல்லை, சாலைக்கு உண்டு

(ஆட்டோ ஓட்டுநர்களும் கட்டட வேலைத் தோழர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன வாரம் இந்தத் தெருவுக்கு வந்திருந்தபோது ஒரு பெரியவர் தன் போனை என்னிடம் நீட்டினார். "இது என்னான்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மெசேஜ். பெரியவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஆர்.சி. புக் அவர் பேரில் இருக்கிறது, அவ்வளவுதான். மகன் ஓட்டுகிறான், மருமகன் ஓட்டுகிறான், பக்கத்து வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரி அவசரம் என்றால் அவனும் எடுத்துக்கொண்டு போகிறான். அன்றைக்கு ஓட்டினது யார் என்று அவருக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. ஆனா ஃபைன் மட்டும் அட்ரஸ் தப்பாம வந்துடுச்சு.

இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். உள்ளே வரும்போதே ஒரு தம்பி என்னை மடக்கினார். "அண்ணே, கேமரா வந்தது நமக்கு நல்லதுதானே? போலீஸ்காரன் வண்டியை நிறுத்தினா பேர் என்ன, ஊர் எது, எந்தத் தெருன்னு கேக்கறான். வண்டியில அம்பேத்கர் படம் ஒட்டியிருந்தா அவன் பார்வையே மாறிப்போகுது. கேமரா இதெல்லாம் கேக்குதா? நம்பரைத்தானே பாக்குது?" என்றார்.

நியாயமான கேள்வி. இதைத் தள்ளிவிட்டு மேலே பேச முடியாது. கேமராவுக்குச் சாதி தெரியாது. அது லஞ்சம் கேட்காது, வாடா போடா என்று பேசாது. முச்சந்தியில் நிறுத்தி நம்மை அவமானப்படுத்தாது. அனுபவப்பட்டவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர், நடந்து போனவர்கள் 32,825 பேர். கார்க்காரனைவிட நடந்து போகிறவனும் டூ வீலர்காரனும்தான் அதிகம் சாகிறான். அந்தக் கூட்டத்தில் நாம் இருக்கிறோம். ஆகவே வேகத்தைக் கட்டுப்படுத்தாதே, ஹெல்மெட் கேட்காதே என்று நான் சொல்ல வரவில்லை.

பிறகு என்னதான் பிரச்சினை? இதற்கு விடை தேட நம்மைவிட முன்னாலேயே கேமராவோடு வாழ்ந்து பார்த்த ஓர் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயரை எடுத்தது அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது, அவர்கள் பட்ட பாட்டிலிருந்து பாடமும் எடுக்க வேண்டும்.

சிகாகோவில் 2003இல் சிவப்பு விளக்குக் கேமரா வந்தது. சிக்னலைத் தாண்டினால் 100 டாலர். 2013இல் பள்ளிகள், பூங்காக்களுக்குப் பக்கத்தில் வேகக் கேமரா வந்தது. 2021 மார்ச்சிலிருந்து, வரம்புக்கு மேல் மணிக்கு 6 மைல் கூடுதலாகப் போனாலே 35 டாலர், 11 மைல் என்றால் 100 டாலர் என்று ஆக்கினார்கள். காலத்தில் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும்.

எந்திரம் நடுநிலையானது என்கிறார்கள், இல்லீங்களா? எந்திரத்தை வாங்கினவன் யார்? சிவப்பு விளக்குக் கேமரா ஒப்பந்தத்தை ஒரு கம்பெனிக்கு முடித்துக்கொடுக்க லஞ்சம் வாங்கிய ஜான் பில்ஸ் என்ற நகராட்சிப் போக்குவரத்து அதிகாரிக்கு 2016இல் 10 ஆண்டு சிறை விதித்தார்கள். எந்திரத்தை முடுக்கி வைத்தவன் யார்? 2014இல் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குக் கைமாறியபோது, மஞ்சள் விளக்கு 3 செகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, 2.9 செகண்ட் எரிந்த இடங்களிலும் டிக்கெட் போட்டார்கள். கண் இமைக்கிற நேரம்தான் வித்தியாசம். அதில் மட்டும் 77,000 டிக்கெட், 77 லட்சம் டாலர். இது அந்த நகரத்தின் தலைமை ஆய்வாளரே வெளியிட்ட கணக்கு.

இனிதான் முக்கியமான விஷயம். 2022 ஜனவரியில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2015 முதல் 2019 வரை போட்ட டிக்கெட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் குடும்பங்களுக்கு, வெள்ளையர் பகுதிகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விகிதத்தில் டிக்கெட் போயிருக்கிறது. உடனே நாம் என்ன நினைப்போம்? கறுப்பர் தெருவில் வேண்டுமென்றே நிறையக் கேமரா வைத்துவிட்டான் என்று நினைப்போம். அதுதான் இல்லை தோழர்களே. கேமராக்கள் எல்லாப் பகுதியிலும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தன.

அப்புறம் எப்படி இரண்டு மடங்கு? சாலை. வெள்ளையர் வாழும் நெருக்கமான பகுதிகளில் தெரு குறுகலாக இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, மனிதர்கள் நடக்கிறார்கள். வண்டி தானாகவே மெதுவாகப் போகும். கறுப்பர் பகுதிகளின் வழியே அகலமான பல வழிச் சாலைகள் போகின்றன, பக்கத்திலேயே விரைவுச்சாலை. ஊரார் வேகமாகக் கடந்து போவதற்காகப் போட்ட சாலை அது. அங்கே வாழ்கிறவன் இறங்கி நடப்பதற்கு எதுவும் செய்யவில்லை. வேகமாகப் போகச் சொல்கிற சாலையைப் போட்டுவிட்டு, வேகமாகப் போனாய் என்று அபராதமும் போடுகிறான். கேமராவுக்கு நிறம் தெரியவில்லை. ஆனால் அது நிற்கிற சாலையில் ஐம்பது அறுபது வருஷத்து நிறவெறி தாராகவும் ஜல்லியாகவும் கிடக்கிறது. கண் தெரியாத எந்திரம் அந்த அநியாயத்தை அப்படியே நகல் எடுத்து, பில் போட்டு அனுப்புகிறது.

அந்த பில் போகிற இடத்தில் என்ன நடக்கிறது? வசதி உள்ளவன் கட்டிவிட்டு மறந்துவிடுகிறான். இல்லாதவனுக்கு அது குட்டி போடுகிறது. டிக்கெட் போன்ற நகராட்சிக் கடன்களையும் சேர்த்துத் திவால் மனு போட்டவர்கள் 2007இல் சிகாகோவில் சுமார் ஆயிரம் பேர். 2017இல் பத்தாயிரத்துக்கு மேல். கேமரா டிக்கெட் பாக்கிக்காக ஓட்டுநர் உரிமத்தையே முடக்குகிற வழக்கமும் இருந்தது. உரிமம் போனால் வேலை போகும், வேலை போனால் அபராதத்தை எதை வைத்துக் கட்டுவான்? 2021இல் இல்லினாய் மாநிலம் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தியது. கேமரா வைத்த இடங்களில் கடுமையான விபத்துகள் குறைந்தன என்று இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றும் 2022இல் வந்தது. அதையும் மறைக்கக் கூடாது. உயிர் காக்கிறது என்பதும் உண்மை, ஏழையை அழுத்துகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் நாம் அரசியல் பேச வேண்டும்.

இது சட்டப்படி செல்லுமா? அங்கேயும் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. ஓட்டினது நான் இல்லை, என் பேரில் எப்படி அபராதம் என்று சிகாகோக்காரர்கள் போட்ட வழக்கில், வண்டி உரிமையாளரைப் பொறுப்பாக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று 2009இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 2007இலும் மிசௌரி மாநில உச்ச நீதிமன்றம் 2015இலும் வேறு மாதிரி தீர்ப்பளித்தன. ஓட்டியது இவர்தான் என்று நிரூபிக்க வேண்டியது அரசு. அந்தச் சுமையைத் தூக்கி, நான் ஓட்டவில்லை என்று நீயே நிரூபி என உரிமையாளர் தலையில் வைக்க முடியாது என்று சொல்லி அந்த நகரங்களின் கேமராச் சட்டங்களை ரத்து செய்தன.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, மின்னணுக் கண்காணிப்புக்கென 136அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் அதற்கான விதி வந்தது. அந்த விதி என்ன சொன்னது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். படத்தில் தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்குப் போனால், மின்னணுப் பதிவைச் சாட்சியாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65ஆ, 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு. இதெல்லாம் நமக்கு உள்ள ஆயுதம். ஆனா மெசேஜில் இதை எவன் சொல்றான்? "கட்டு" என்பது மட்டும்தான் பெரிசா தெரியுது.

அதே சட்டத்தின் 133ஆவது பிரிவு, போலீஸ் கேட்டால் ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தப் பெரியவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? மகனைக் காட்டிக்கொடு, இல்லாவிட்டால் நீ கட்டு என்பதுதான் அவருக்கு அதன் அர்த்தம். வண்டியும் ஓட்டுகிறவனும் ஒன்று என்பது வீட்டுக்கு நாலு வண்டி வைத்திருப்பவனின் கணக்கு. நாலு வீட்டுக்கு ஒரு வண்டி வைத்திருக்கிற சேரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. செகண்ட் ஹேண்டில் விற்று, பேர் மாற்றாமல் விட்ட வண்டிகள் வேறு. பதிவேட்டில் பேர் யாருடையதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. தயவுசெய்து வண்டியை விற்றால் அன்றைக்கே பேரை மாற்றுங்கள்.

"கோர்ட்டுக்குப் போகலாமே ஐயா" என்று பெரியவரிடம் சொன்னேன். "போனா ரெண்டு நாள் கூலி போவும்பா, கட்டிட்டுப் போயிடறேன்" என்றார். நியாயம் கேட்பதற்கான செலவு அபராதத்தைவிட அதிகமாக இருந்தால், அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் நூறிலிருந்து ஆயிரம் ஆனது. சித்தாள் வேலைக்குப் போகிறவனுக்கும் ஆயிரம், பங்களாக்காரனுக்கும் ஆயிரம். இதைத்தான் சமத்துவம் என்கிறார்கள். சட்டத்தின் முன் சமம் என்பதை நாம் அற்பமாகப் பேச முடியாது. மனுவின் சட்டத்தில் ஒரே குற்றத்துக்குப் பார்ப்பானுக்கு ஒரு தண்டனை, சூத்திரனுக்கு ஒரு தண்டனை. அதை உடைத்துத்தான் சமம் என்ற சொல்லே வந்தது. ஆனால் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது என்ன? அரசியலில் சமமும் வாழ்க்கையில் சமமின்மையுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்றார். அந்த முரண்பாட்டின் ஒரு துண்டுதான் இந்த ஆயிரம் ரூபாய். பின்லாந்தில் கடுமையான வேகக் குற்றத்துக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். 2002இல் நோக்கியா கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவருக்கு 1,16,000 யூரோ போட்டார்கள். பிறகு அவர் வருமானம் குறைந்ததைக் காட்டிக் குறைத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். வலி இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதே அங்கே கணக்கு.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நம்மைப் பார்க்க இத்தனை கேமரா வைக்கிற அரசு, தன்னைப் பார்க்க எத்தனை வைத்தது? எல்லாக் காவல் நிலையத்திலும், லாக்கப் உட்பட, கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அவை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அதே நீதிமன்றமே 2025 செப்டம்பரில் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பனையும் மகனையும் அடித்துக் கொன்றார்களே, அந்த நிலையத்திலும் கேமரா இருந்தது. அன்றாடம் பதிவு தானே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் எழுதினார். ஹெல்மெட் இல்லாத தலையின் படத்தை வழக்கு முடியும்வரை பத்திரப்படுத்த விதி இருக்கிறது. லாக்கப்பில் அடிபட்ட உடம்பின் படத்துக்கு ஒரு நாள்தான் ஆயுள்.

கேமராவைப் பிடுங்கி எறி என்று நான் சொல்லவில்லை. எங்கே நடுகிறாய், ஏன் அங்கே நடுகிறாய் என்று எழுதி வெளியிடு. எந்தக் கம்பத்தில் எத்தனை அபராதம் என்று சொல். வசூலான காசில் அதே இடத்தில் நடைபாதையும் விளக்கும் போடு. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் நாலு வழிச் சாலை என்று எத்தனை இடம் இருக்கிறது! பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டுகிற அந்த இடத்தில் கேமரா வை என்று நாமே மனு கொடுப்போம். முகம் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு உரிமையாளரிடம் பறிக்காதே என்றும் அதே மனுவில் எழுதுவோம்.

அடுத்த ஞாயிறு சலான் வந்தவங்க எல்லாரும் போனையும் ஆர்.சி. புக்கையும் எடுத்துட்டு வாங்க. பலகை இருந்துச்சா, தேதி சரியா, படத்துல இருக்கறது நம்ம வண்டிதானான்னு ஒண்ணொண்ணா படிச்சுப் பாப்போம். தப்பா வந்ததை எதிர்த்து எழுதுவோம். ஒருத்தர் போனா ரெண்டு நாள் கூலி போகும். முப்பது பேர் சேர்ந்து ஒருத்தரை அனுப்பினா அந்தக் கூலியை முப்பதாப் பிரிச்சுக்கலாம். பெரியவர் இன்னும் பணம் கட்டவில்லை. முதல் மனு அவருடையது.

ஜெய்பீம்.